தார்ப்பாய் நீலம்

செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கண்ணுக்கு நிறங்கள் சரியாகத் தெரியாது என்று மருத்துவர் சொன்ன பிறகும், அதை யாரிடமும் சொல்லாமல் நான்கு ஆண்டுகள் புகைப்படப் போட்டிகளுக்கு நடுவராக இருந்தேன். அப்படி இருந்தபோது ஒரு பெண், தான் கண்ணால் கண்டதைச் சொன்னார். அது பொய் என்று நாற்பது ஐம்பது பேர் முன்னால் சொன்னேன். அதோடு அவர் படம் எடுப்பதை விட்டுவிட்டார்.

இதே பத்திரிகையில் என் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதிய வாரங்களில், 'உங்கள் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது' என்று சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

கயிற்று விசாரணை

திண்டுக்கல்லில் எங்களுடையது ஒரு சிறிய புகைப்படச் சங்கம். பல் மருத்துவர், வங்கி ஊழியர், பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர் என்று பலவகை ஆட்கள். ஆண்டுக்கொரு முறை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் போட்டி நடக்கும். அச்சிட்ட படங்களைக் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிடுவோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் கயிற்றோரமாக நடந்து, ஒவ்வொரு படத்தின் முன்பும் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பேச வேண்டும். எடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். சங்கத்துப் பையன்கள் இதற்குக் 'கயிற்று விசாரணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். தேறாத படங்களை நடுவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று, பின்புறத்தில் காரணம் எழுதி வைக்க வேண்டும். வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் யாரும் வருவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஸ்டெல்லா என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்கிறேன். அப்போது நாற்பது வயது இருக்கும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை முதல் மாலைவரை சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. சங்கத்தில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான்.

அவருடைய படத்தின் முன்னால் நின்றேன். இருட்டான ஒரு வீடு. வயதான பெண்மணி ஒருவர் தரையில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறார். சாம்பலும் கறுப்புமாக ஒரே குழப்பம். கால் விரல்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.

"தலைப்பு என்னம்மா?"

"மத்தியானம், சார்."

"மத்தியானமா? எனக்கு அமாவாசை மாதிரியில்ல தெரியுது!"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

"வெளிச்சம் கம்மிதான் சார். ஆனா அந்த நீலந்தான் சார் படமே."

"எந்த நீலம்?"

அவர் கையை விரித்து, படத்துக்குக் குறுக்கே காற்றில் ஒரு முறை தடவிக் காட்டினார். "இந்தா, இம்புட்டும் நீலந்தான சார்."

நான் கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். நாடகம்தான். கூட்டத்துக்கு அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, உங்க லேப்ல ரிப்போர்ட் தப்பாப் போச்சுன்னா பேஷண்ட்கிட்டயும் இப்படித்தான் கதை விடுவீங்களா? வெளிச்சம் பத்தலைன்னா பத்தலைன்னு ஒத்துக்கிடணும். இல்லாத நீலத்தை இருக்குன்னு சொல்லக் கூடாது."

பெருஞ்சிரிப்பு. இரண்டு மூன்று பேர் கைகூடத் தட்டினார்கள்.

ஸ்டெல்லா வரிசையாக எல்லோர் முகத்தையும் பார்த்தார். வெட்கப்பட்டுப் பார்க்கிறார் என்று அப்போது நினைத்தேன். அவர் சாட்சி தேடியிருக்கிறார். யாராவது ஒருவர் வாய் திறப்பாரா என்று பார்த்திருக்கிறார்.

"சரிங்க சார்" என்றார். டீ வருவதற்குள் போய்விட்டார்.

நான் பாடம் நடத்திய ஒளி

நான் இயற்பியல் ஆசிரியன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் ஒளியியல் நடத்தினேன். ஜன்னலில் ஒரு துளை, மேசையில் ஒரு முப்பட்டகக் கண்ணாடி, சுவரில் ஏழு நிறங்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த வகுப்பில் மாணவர்கள் 'ஓ' என்பார்கள். எனக்கு அந்த 'ஓ' பிடிக்கும்.

ஆனால் கேமராவைக் கையில் எடுத்தால் எனக்கு நிறம் ஆகாது. எங்கள் வீட்டுக் குளியலறையில் சிவப்பு பல்பு மாட்டி, தட்டில் மருந்து ஊற்றி, கறுப்பு வெள்ளைப் படங்களை நானே கழுவி எடுத்த காலம் ஒன்று இருந்தது. என் மனைவி கமலா வாசலில் நின்று, "ஏங்க, மனுசங்க குளிக்கிறதா வேணாமா?" என்று கதவைத் தட்டுவாள். காகிதத்தில் ஒரு முகம் மெல்ல மேலெழும்பி வரும் அந்த நொடிக்கு ஈடாக எதுவும் இல்லை என்று நினைத்தேன். நிறம் என்பது காலண்டருக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் உரியது. 'வண்ணம் ஒப்பனை, கறுப்பு வெள்ளைதான் முகம்.' இதை எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்!

பிறகு காலம் மாறியது. எல்லோர் கையிலும் கேமரா வந்தது. நிறத்தை வைத்தே பேசும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் பூ மார்க்கெட் நண்பர் செண்டுமல்லிக் குவியலை எடுப்பார். படத்தில் பூவே தெரியாது, மஞ்சள் மட்டும் மூச்சுமுட்ட நிற்கும். இன்னொருவர் தோல் மண்டியின் சுவரை எடுத்தார். சுவரில் ஒன்றுமில்லை, காய்ந்த ரத்தம் போல ஒரு செம்பழுப்பு. பார்த்தால் வயிற்றைப் பிசையும் என்றார்கள். எனக்குப் பிசையவில்லை. ஒரு பொருளுக்கு என்ன நிறம் என்று சொல்வதை விட்டுவிட்டு, மனசுக்கு என்ன நிறம் என்று இவர்கள் சொல்ல வருகிறார்களே, இது என்ன கூத்து என்று கேலி பேசினேன்.

அந்தக் கேலியில் கொள்கை பாதி. மீதிப் பாதி என்ன என்று இப்போது சொல்கிறேன்.

ஒரு கண் சிகிச்சை முகாமுக்குக் கமலாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். சும்மா இருக்கிறோமே என்று நானும் காட்டினேன். அந்த இளம் மருத்துவர் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சார், ரெண்டு கண்ணுலயும் புரை பழுப்பா முத்திக்கிட்டு வருது. டீ ஊத்துன கிளாஸ் வழியாப் பாக்குற மாதிரிதான் இருக்கும். நீலம், ஊதா எல்லாம் சரியாத் தெரியாது. ஆபரேசன் பண்ணிக்கங்க. இப்பல்லாம் செத்த நேரத்துல முடிஞ்சிரும்."

ஒளியை முப்பது ஆண்டுகள் நடத்தியவனுக்கு அதன் பொருள் புரியாமல் இருக்குமா? எந்த அலைநீளம் உள்ளே வராது என்று என்னால் கரும்பலகையில் படம் போட்டே காட்ட முடியும். கமலாவிடம், "வயசானா வர்றதுதானாம்" என்று மட்டும் சொன்னேன்.

கத்தி என்றால் பயம். அதைவிடப் பெரிய பயம், நடுவர் நாற்காலி போய்விடும் என்பது. ஓய்வு பெற்ற பிறகு என்னை 'சார்' என்று எழுந்து நின்று கூப்பிட்ட ஒரே இடம் அந்தக் கூடம்தான்.

தந்திரங்கள் கற்றுக்கொண்டேன். படத்தின் முன் நின்று முதலில் எடுத்தவரைப் பேசவிடுவேன். 'பச்சை' என்று அவர் சொன்னால் அந்தப் பச்சையைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொள்வேன். ஒரு போட்டி நாளில் கமலா என் காலைப் பார்த்துவிட்டு, "ஒரு கால்ல நீலம், ஒரு கால்ல கறுப்பு. சாக்ஸிலயும் ஆராய்ச்சியா?" என்று கேட்டாள். அன்றைக்குச் செருப்போடு போனேன். ஸ்டெல்லா நீலம் என்று சொன்னதும் அது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லையா? தோன்றியது. ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியை மறைக்கத்தான் கூட்டத்தை அவ்வளவு சத்தமாகச் சிரிக்க வைத்தேன்.

ஒரு கண்ணில் பால், ஒரு கண்ணில் டீ

போன ஆண்டு தெருவில் வேகத்தடை தெரியாமல் தடுக்கி விழுந்தேன். அதற்குப் பிறகு கமலா விடவில்லை. வலது கண்ணில் அறுவை நடந்தது.

மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். எதிரே சுவர். வெள்ளைச் சுவர். நான் வாழ்க்கையில் அப்படியொரு வெள்ளையைப் பார்த்ததில்லை. கண் கூசி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ், "வலிக்குதா தாத்தா?" என்றார். வலி இல்லை. இடது கண்ணை மூடினால் சுவர் பால். வலது கண்ணை மூடினால் அதே சுவர் டீ. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். நான் குடியிருந்த உலகம் அந்த டீக்குள் இருந்தது.

கமலா உள்ளே வந்தாள். நல்ல ஊதா நிறத்தில் சேலை.

"இது எப்ப எடுத்த சேலை?"

"எதுங்க? இதுவா? மூணு வருசமாக் கட்டுறேன். உங்ககூட வந்துதான் எடுத்தேன்."

நான் அதைக் காப்பிக்கொட்டை நிறம் என்று நினைத்திருந்தேன். "நல்லாருக்கு, எடு" என்று சொன்னதும் நினைவில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். தேறாத படங்களின் கட்டு கீழ்த்தட்டில் இருந்தது. ஸ்டெல்லாவின் படம் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. கட்டின் ஓரத்திலேயே தெரிந்தது, நீலமாக ஒரு விளிம்பு. உருவி எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன்.

அதைப் பார்த்து நான் கத்தியிருக்க வேண்டும். கமலா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

ஓடு பறந்துபோன வீடு. கூரைக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். உச்சி வெயில் தார்ப்பாய் வழியாக இறங்கி வீடு முழுவதையும் நீலமாக்கியிருக்கிறது. சுவர் நீலம். சருவச்சட்டி நீலம். புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாவின் கை, கழுத்து, நரைத்த முடி எல்லாம் நீலம். தண்ணீருக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்து வேலை பார்ப்பது போல. கதவிடுக்கில் வந்த ஒரு கீற்று வெயில் மட்டும் அவர் கால் விரல்களில் விழுந்து, அந்த விரல்கள் மட்டும் மனிதத் தோலின் மாநிறத்தில் இருந்தன.

விவரம் தெரிந்த எவரும் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி அந்த நீலத்தை எடுத்துவிட்டு முகத்தை முகமாக ஆக்கியிருப்பார்கள். ஸ்டெல்லா எடுக்கவில்லை. கூரை போனவர்களுக்கு மத்தியானம் என்ன நிறத்தில் இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இடது கண்ணால் பார்த்தேன். சேறு. வலது கண்ணால் பார்த்தேன். மத்தியானம்.

படத்தைத் திருப்பினேன். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தேன்: 'ஒளி இல்லை. நிறம் இல்லை. சேறு.'

சேவியர் சொன்னது

சங்கத்தின் செயலாளர் சேவியருக்குப் போன் போட்டேன்.

"சேவியர், ஸ்டெல்லா போட்ட அந்த 'மத்தியானம்' படத்துல நீலம் இருந்துச்சா?"

அவர் எழுந்து வெளியே வரும் சத்தம் கேட்டது. பிறகு, "இருந்துச்சு சார்" என்றார்.

"அன்னைக்கே தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன சார், அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சுச்சு. கண்ணப் பறிச்சுச்சுல்ல."

"அப்புறம் ஏன்யா ஒருத்தரும் சொல்லல?"

"நீங்க ஏதோ பெருசாச் சொல்ல வாறீங்கன்னு நெனச்சோம் சார். நீலம்னா அது நீலமான்னு தத்துவமாக் கேக்குறீங்களோன்னு… நீங்க சொல்லும்போது நாங்க எப்படி சார் குறுக்க பேசுறது?"

போனை வைத்தேன். என் கண் கெட்டது ஒரு அதிர்ச்சி என்றால், நல்ல கண் இருந்த நாற்பது ஐம்பது பேர் எனக்காகத் தங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அந்தக் கூடத்தில் குருடாக இருந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் பொய்க்காரி என்று பெயர் வாங்கிப் போனவர், உள்ளதைப் பார்த்துச் சொன்னவர்.

கொண்டுபோய்க் கொடுத்தது

ஸ்டெல்லாவின் வீட்டைத் தேடிப் போனேன். மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சார்" என்றுதான் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முகாம், மருத்துவர், சாக்ஸ், பீரோ, எதையும் விடவில்லை.

"அந்த ஃபைலை வச்சிருக்கீங்களா அம்மா? பெருசா பிரிண்ட் போட்டு…"

"இல்ல சார். அந்த வாரமே அழிச்சிட்டேன். கேமராவ நாத்தனா மகளுக்குக் குடுத்துட்டேன்."

நான் உறையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"எங்க அத்தை சார். அப்பா கூடப் பொறந்தவுங்க. சாணார்பட்டிக்கு அங்கிட்டு ஊரு. இறந்து வருசம் ஒண்ணாகப் போகுது. இதத் தவிர அவுகளுக்கு வேற நல்ல படம் கெடையாது." அவருடைய விரல் படத்தின் மேல் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. "எழுத்து இந்தப் பக்கம் வந்திருக்கே சார்."

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நான் பின்னால் அழுத்தி எழுதிய மூன்று வரிகளும் முன்புறத்தில் புடைத்து, அத்தையின் கன்னத்தின் மேல் இடவலமாகத் திரும்பிய எழுத்துகளாக நின்றன.

மன்னிப்பு என்ற சொல் என் வாயில் இருந்தது. அதை வெளியே எடுக்க முடியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். நடுவர் பொறுப்பை விட்டேன். நான் நினைத்ததுபோல் யாரும் நெகிழவில்லை. "உங்க கதைய நீங்க சொல்லுங்க சார், எங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு ஏன் சேத்துச் சொல்றீங்க?" என்று பல் மருத்துவர் கோபித்துக்கொண்டார். இன்றுவரை சிலர் என்னோடு பேசுவதில்லை. ஸ்டெல்லாவுக்கு அந்த ஆண்டின் கோப்பையைக் கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். சேவியர் போய்ச் சொன்னதற்கு அவர், "கப்பை வச்சு நான் என்ன செய்யட்டும் சேவியர் சார், பேனா போட்டு வைக்கவா?" என்று கேட்டிருக்கிறார்.

சுவரில் இருந்த படம்

அத்தையின் முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு ஸ்டெல்லா என்னையும் கூப்பிட்டார். "அந்த வீட்ட நீங்க பாக்கணும் சார்" என்றார். பஸ்ஸில் போனோம்.

வீடு இப்போது கான்கிரீட். ஸ்டெல்லா அந்தப் படத்தை போனில் பிடித்து அத்தையின் மகன் அந்தோணிக்கு அனுப்பியிருந்தார். அவர் அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சம்பங்கி மாலை சாத்தி, முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார். ஸ்டெல்லா வாசலிலேயே நின்றுவிட்டார்.

படத்தில் நீலம் இல்லை. ஸ்டுடியோக்காரர் முழுவதையும் எடுத்துவிட்டிருந்தார். அத்தை மாநிறத்தில், கொஞ்சம் சிவப்பாகவே, பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். பின்னால் வெளிர்ப்பச்சைத் திரை.

"அந்தோணி, நீலம் எங்கடா?"

"நல்லாருக்கா அக்கா? நான்தான் சொல்லி எடுக்கச் சொன்னேன். நீல மூஞ்சிக்கு எப்பிடிக்கா மாலை போடுறது? பிள்ளைக பயப்படுதுக."

"எடுக்கச் சொன்னியா? அதை எடுக்க நீ யாரு? ஏழு மாசம் உங்காத்தா அந்தத் தார்ப்பாய்க்குக் கீழதானடா கெடந்துச்சு! நீ திருப்பூர்ல இருந்த. நான் வந்து பாத்தேன். நீலமாத்தான் இருந்துச்சு. சோறு நீலம், தண்ணி நீலம். அதை நான் கண்ணால பாத்தேன்டா!"

அந்தோணியின் மனைவி, "மதினி, சாமியார் வர்ற நேரம்…" என்று கையைப் பிடித்தார். ஸ்டெல்லா உதறினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டு, "ஆத்தாளை அப்படிப் பாக்க முடியலக்கா, அதான்" என்றார்.

ஸ்டெல்லா மூச்சு வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அந்த மண்டபத்துல நான் இப்படிச் சத்தம் போட்டிருக்கணும் சார்."

"இப்பப் போடுங்கம்மா" என்றேன்.

யாரோ எனக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். "உக்காராதீங்க சார்" என்றார் ஸ்டெல்லா. நான் நின்றேன். அவர் பேசினார். லேப்பில் ஒவ்வொரு குழாயையும் இரண்டு முறை, மூன்று முறை தூக்கிப் பார்த்ததை, பக்கத்தில் இருப்பவரிடம் 'இது என்ன நிறம்' என்று கேட்டு உறுதிசெய்துகொண்டதை, தன் கண்ணையே தான் நம்பாமல் போன அந்த ஆண்டுகளைச் சொன்னார். கேமரா போனதைவிட அதுதான் பெரிது என்றார். ஒரு படத்துக்கு நான் சொன்ன தீர்ப்பு ஒரு மனுஷியின் அன்றாட வேலைக்குள் அவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கடைசியில் சொன்னார்: "நீங்க வாரப் பத்திரிகையில எழுதுறீங்கல்ல, இதையும் எழுதுங்க. கண்ணு தெரியலன்னு எழுதித் தப்பிச்சுக்கிடாதீங்க. தெரியலங்கிறது உங்களுக்குத் தெரியும்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். அனுப்பும் முன் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். சுவரில், நான் கொண்டுபோய்க் கொடுத்த அந்த நீலப் படம் சட்டமிட்டு மாட்டியிருந்தது. கேமரா இன்னும் வாங்கவில்லை, வாங்குவாரா என்று நான் கேட்கவும் இல்லை. முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். இறுதிப் பத்தியில் 'ஸ்டெல்லா என்னை மன்னித்துவிட்டார்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன்.

"அதை மட்டும் எடுத்துருங்க சார்" என்றார்.

எடுத்துவிட்டேன்.